பனி இல்லாத ஊரின் வசந்தம்

நம்முடைய கவிதையில் வசந்தம் என்ற சொல் படுகிற பாட்டைப் பார்க்கும்போது, அது எந்த ஊரின் பருவம் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஷெல்லியின் மேற்குக் காற்று பரிச்சயம். இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தத்தின் மேல் நம்பிக்கை வைத்து முடிகிற கவிதை அது. மாதக்கணக்கில் குளிரில் அடைபட்டுக் கிடக்கிறவனுக்கு அந்த நம்பிக்கை ஸ்தூலமானது: வெளிச்சம், சூடு, தின்பதற்குப் பச்சை. 1967-இல் நக்சல்பாரி எழுச்சியைப் பீக்கிங்கின் மக்கள் தினசரி வசந்தத்தின் இடிமுழக்கம் என்று எழுதியது. சீனத்து உழவனின் நாட்காட்டியில் வசந்தத்தின் முதல் இடிக்கு ஓர் இடம் உண்டு. அங்கே அது படிமமாவதற்கு முன்பே ஒரு செய்தி. நமக்கு வந்து சேர்ந்தது படிமம் மட்டும். எழுபதுகளின் புரட்சிக் கவிதைகளில் அது வாடகைச் சாமியானா மாதிரி எல்லா மேடைக்கும் போடப்பட்டது.

நாகலாபுரத்தில் மேற்குக் காற்று என்றால் வேறு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, ஆனி ஆடியில் வறண்டு வருகிற காற்று. கரிசல் புழுதியைக் கிளப்பிக் கண்ணில் அப்புவதுதான் அதன் வேலை. (கயத்தாற்றில் காற்றாலைகள் வந்தபிறகு மின்சாரமும் என்று சேர்த்துக்கொள்ளலாம்.) பக்கத்து எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்தவர் ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அவருடைய குயில் உட்கார்ந்து கூவ ஒரு மாந்தோப்பு தேவைப்பட்டபோது, அது புதுச்சேரியில்தான் கிடைத்தது.

பழைய கவிஞர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கறாரானவர்கள். தொல்காப்பியம் பருவங்களைச் சொல்லத் தொடங்குவது காரிலிருந்து. ஆண்டே ஆவணியில் தொடங்குவதாக நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. காத்திருந்து எதிர்கொள்ளப்பட்ட பருவம் மழைதான். இளவேனிலை அவர்கள் வைத்த இடம் பாலை. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையாரின் இளவேனிற் பத்தைப் படித்தால் தெரியும்: பூ வந்துவிட்டது, போனவன் வரவில்லை. அங்கே வசந்தத்தின் முதல் அறிகுறி ஒரு நல்ல செய்தியே அல்ல.

ஆனால் கார்காலக் கணக்கும் கரிசலுக்குச் சரிவராது. ஆவணியில் இங்கே மழை ஏது? வருஷத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில், இலக்கணம் கூதிர் என்று சொல்கிற மாதங்களில் விழுகிறது. அதற்கு முந்திய நீண்ட வெயிலே இந்த வட்டாரத்தின் பனிக்காலம். பூமணியின் 1982 நாவலுக்கு 'வெக்கை' என்று பெயர் அமைந்தது பொருத்தம்தான். கரிசலின் உரைநடைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது எப்போதும் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் இங்கே வசந்தத்தை யாரும் வரவேற்கவில்லையா? வரவேற்கிறார்கள், இளவேனிலின் முதல் நாளிலேயே. சித்திரை ஒன்றாம் தேதி காலையில் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசி, கலப்பைக்கும் நுகத்தடிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, ஊர்ப் பொதுநிலத்தில் ஏர்களை வரிசையாக ஓட்டுகிறார்கள். நவதானியம் தெளிக்கிறார்கள். பொன்னேர் பூட்டுதல் என்று பெயர். தஞ்சைப் பக்கம் நல்லேர் என்பார்கள். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையிலும் ஏர்மங்கலம் பாடுகிறார்கள். ஆனால் அது காவிரிக்கரை, அறுகம்புல்லும் குவளையும் தொடுத்து ஏருக்குச் சூட்டக் கிடைக்கிற ஊர். கரிசலில் அன்றைக்குக் கை நுழைகிற அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கும். நம்பத்தகுந்த மழைக்கு ஆறு மாதம் இருக்கிறது. எந்த அறிகுறியும் தென்படாத ஒரு நாளில், அறிகுறியை உழவன் தானே கீறிவைக்கிறான். வெறும் சடங்கென்றும் சொல்ல முடியாது. மேல்மண்ணைத் திறந்துவிட்டால் எப்போதாவது பெய்கிற கோடை மழை ஓடிப்போகாமல் உள்ளே இறங்கும்.

இரண்டாவது பந்தயம் புரட்டாசியில். மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவது. பெய்தால் அந்த முதல் ஈரத்திலேயே பயிர் எழுந்துவிடும். ஒரு தூறல் போட்டு ஏமாற்றினால் முளைத்தது கருகும், மறுவிதை வாங்க வேண்டும். எனக்கு இது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தெரிந்துகொண்ட விஷயம். பயிர்க்கடன் விண்ணப்பத்தில் பாசன ஆதாரம் என்ற கட்டத்தில் மானாவாரி என்று எழுதுகிறோம். எங்கள் கணக்கில் வருஷம் ஏப்ரல் 1, வருவாய்த்துறையின் பசலி ஜூலை 1. வானம் இரண்டையும் பார்ப்பதில்லை.

பூ என்று பார்த்தால், கோவில்பட்டியில் சாமியின் பெயர் பூவனநாதர், அம்மன் செண்பகவல்லி. ஊரைச் சுற்றிலும் கரிசல். பங்குனியில் வெடித்து நிற்கிற பருத்திதான் இந்த மண்ணின் மலர்ச்சி என்று சொல்லலாம். கருங்கண்ணிப் பருத்தியை மேம்படுத்தும் வேலைகள் 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) லங்காஷயர் ஆலைகள் பஞ்சில்லாமல் நின்றதால் இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. கரிசல் பூத்ததை உலகம் கவனித்தது அந்தக் கணக்கில்தான்.

சரித்திரப் புத்தகத்தில் நாகலாபுரம் வருவது 1799 செப்டம்பரில். பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை இங்கே தூக்கிலிட்டார்கள். நாகலாபுரம் பாளையமும் பறிமுதலானது. அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன். இரண்டு தூக்குகளுக்கும் இடையில் கிடப்பது புரட்டாசி, அதாவது விதைப்புக் காலம். பாளையம் யார் கைக்குப் போனது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. அந்தப் புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதையைப் போடத் துணிந்தவர்களைப் பற்றி நம் சரித்திர ஆசிரியர்கள் கேட்டதில்லை. கட்டபொம்மனுக்குச் சினிமா கிடைத்தது.

பந்தயம் தோற்ற வருஷங்களை மட்டும் ஜனங்கள் பெயர் வைத்து ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 1876-இல் மழை பொய்த்து வந்தது தாது வருஷப் பஞ்சம். மறுபக்கமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18-இல் இதே தூத்துக்குடி மாவட்டத்தில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் கொட்டியது. காத்திருந்த மழைதான், விதைத்ததை மூழ்கடித்தது. நாலு மாதம் கழித்துச் சித்திரை பிறந்தது. கரிசல் கிராமங்களில் பொன்னேர் பூட்டினார்கள். மாடு இல்லாத இடங்களில் டிராக்டருக்குச் சந்தனம் தடவி, மாலை போட்டு, வரிசையில் நிறுத்தினார்கள்.