தண்ணீர் வண்ணமும் தள்ளிவைத்த சுவரும்



இந்த வாரம் ஒரு கண்காட்சியின் வரலாறு. கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் போல் பாதியில் மணி அடிக்காது, பொறுமையாகப் படியுங்கள்.

ஓவியப் போட்டி என்றால் தேர்வுக்குழு என்று ஒன்று இருக்கும். எந்தப் படம் சுவருக்கு, எந்தப் படம் வீட்டுக்கு என்று அவர்கள் சொல்வார்கள். அந்தத் தேர்வுக்குழுவைத் தேர்ந்தெடுத்தது யார் என்று நாம் கேட்பதில்லை. சுமார் 220 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் சிலர் கேட்டார்கள்.

1768-ல் அங்கே ராயல் அகாடமி தொடங்கியது. 1780 முதல் சாமர்செட் ஹவுஸ் என்ற பெரிய கட்டடத்தில் ஆண்டுதோறும் கண்காட்சி. தரையிலிருந்து கூரை வரை சட்டத்தோடு சட்டம் ஒட்டிப் படங்களை மாட்டுவார்கள். தங்க முலாம் சட்டத்தில் பளபளக்கும் எண்ணெய் வண்ணப் படங்களுக்கு நடுவே மென்மையான நீர்வண்ணப் படம் என்ன ஆகும்? நாதஸ்வரக் கச்சேரியில் புல்லாங்குழல் வாசித்தது போல்தான். அது போதாதென்று, நீர்வண்ணம் மட்டும் தீட்டுகிறவர் அகாடமி உறுப்பினராக வழியில்லை. அவர்கள் செய்வது ஓவியமே இல்லை, வெறும் வரைபடம் என்பது அன்றைய பெரியவர்களின் எண்ணம்.

அது அத்தனை எளிய வேலையா? எண்ணெய் வண்ணத்தில் தவறினால் மேலே பூசி மறைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் தாளின் வெண்மைதான் வெளிச்சம். ஒருமுறை மூடிவிட்டால் அந்த வெண்மையை முழுதாக மீட்பது கடினம். எங்கே தொடக்கூடாது என்பதை முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1804 நவம்பர் 30 அன்று ஆக்ஸ்போர்டு தெருவில் ஸ்ட்ராட்போர்டு காபி ஹவுஸில் சில ஓவியர்கள் கூடினார்கள். முன்னின்றவர் வில்லியம் பிரடெரிக் வெல்ஸ். நம்மைப் போல் ஒரு வாத்தியார், டிராயிங் மாஸ்டர். நீர்வண்ண ஓவியர்களுக்கென்றே ஒரு சங்கம் பிறந்தது. 1805 ஏப்ரல் 22-ல் முதல் கண்காட்சி: 16 ஓவியர்கள், 275 படங்கள். நுழைவுக்கட்டணம் ஒரு ஷில்லிங். ஏறக்குறைய 12,000 பேர் காசு கொடுத்து வந்து பார்த்தார்கள். அகாடமி ஒதுக்கிய படங்களை மக்கள் ஒதுக்கவில்லை.

கண்காட்சியில் மிஞ்சிய பணத்தைக் காட்சிக்கு வைத்த படங்களுக்கு ஏற்ப உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். பணம் வந்தால் பின்னாலேயே ஆசையும் வரும் அல்லவா? ஜான் கிளாட் நாட்டஸ் என்ற நிறுவன உறுப்பினர், பிறர் தீட்டிய படங்களைத் தன் பெயரில் மாட்டிப் பங்கைப் பெருக்கப் பார்த்தார். 1807-ல் அவரைச் சங்கத்தை விட்டே நீக்கினார்கள். அறிவியல் கண்காட்சிக்கு அப்பா செய்த மாடலைத் தூக்கி வந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். பெயர் சொல்லவில்லை!

இனிதான் என்னை யோசிக்க வைத்த பகுதி. ஒதுக்கப்பட்டதால் பிறந்த அந்தச் சங்கம் என்ன செய்தது? தன் உறுப்பினர்களின் படங்களை மட்டும் மாட்டியது. வெளியிலிருந்த இளைஞர்கள் மனம் புழுங்கி 1831-ல் இன்னொரு சங்கம் தொடங்கினார்கள். அதில் யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம். ஆனால் சில ஆண்டுகளிலேயே அதுவும் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டது. மருமகளாக இருந்தபோது பட்டதை மாமியாரானதும் மறந்துபோகும் கதைதான்.

பெண்கள் நிலை இன்னும் மோசம். பழைய சங்கத்தில் அவர்களுக்குத் தனி வகுப்பு வைத்திருந்தார்கள். படம் மாட்டலாம், முழு உறுப்பினர் ஆக முடியாது. கிராமத்து வீடுகளையும் தோட்டங்களையும் அழகாகத் தீட்டிய ஹெலன் அலிங்காம் 1890-ல்தான் முதல் பெண் முழு உறுப்பினரானார். முந்தைய ஆண்டுதான் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளைத் தூரிகையை நம்பி வளர்த்துக்கொண்டிருந்தார். சங்கம் தொடங்கி அதற்குள் 86 ஆண்டுகள் ஓடிவிட்டன. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று தலைமுறை!

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1780 வாக்கில் லண்டனில் ரீவ்ஸ் என்பவர் வண்ணத்தைச் சிறு வில்லைகளாக்கினார். அதற்குமுன் ஓவியர்கள் பெரும்பாலும் தாங்களே அரைத்துக் குழைக்க வேண்டும். தண்ணீர் தொட்டால் கரையும் வில்லை வந்ததும், வண்ணப்பெட்டி கப்பலேறிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு இங்கேயும் வந்தது. நம் டிராயிங் மாஸ்டர் வெல்ஸ் பிற்காலத்தில் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியில்தான் ஓவியம் கற்பித்தார். நிலத்தையும் கோட்டையையும் வரைந்து காட்டத் தெரிந்த அதிகாரி கம்பெனிக்கு வேண்டும். அழகுக் கலைக்குள் ஆட்சிக் கணக்கும் இருந்தது.

அந்த 16 பேரில் ஒருவரான வில்லியம் ஹேவல் இந்தியாவுக்கே வந்து 1825 வரை தங்கி நம் தென்பகுதியில் படங்கள் தீட்டினார். அதே ஹேவல் குடும்பத்தில் வந்த ஈ.பி. ஹேவல் 1884-ல் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பேற்றார். டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கிய பள்ளி அது. எழும்பூரில் இன்று நீங்கள் பார்க்கும் கவின் கலைக் கல்லூரி அதன் வழிவந்ததுதான்.

லண்டனின் இரண்டு சங்கங்களும் இன்றும் இருக்கின்றன. இப்போது உறுப்பினர் அல்லாதவர்களும் படம் அனுப்பலாம். தேர்வுக்குழு பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. கதவு திறக்க நாளானது, ஆனால் திறந்தது.

தேர்வுக்குழுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுவர் சிறியது, படங்கள் அதிகம். யாராவது பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் உங்களில் பலர் இன்று தலைமையாசிரியர், மேலாளர், நேர்காணல் எடுப்பவர், போட்டி நடுவர். வேண்டும் என்று ஒன்றை எடுத்து வைக்கும்போது, வேண்டாம் என்று வைத்த குவியலை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். அது மட்டமா, அல்லது நமக்குப் பழக்கமில்லாததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் படம் தேர்வாகவில்லை என்றால் வண்ணப்பெட்டியைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அடுத்த தாளை எடுத்துக் கொடுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தீட்டிய படங்களைக் கீழே பதிவிடுங்கள். இங்கே தேர்வுக்குழு கிடையாது. எல்லாவற்றையும் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்