முதியோரின் தோலில் எழும் கட்டி: மெர்கெல் செல் புற்றுநோயின் வரலாறு

வயது ஏற ஏறப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் ஏறுகிறது என்பது பொதுவாக அறியப்பட்ட உண்மை. எனினும் அந்த ஏற்றம் மெர்கெல் செல் புற்றுநோயில் தெரியும் அளவுக்குப் பிற தோல் நோய்களில் அரிதாகவே தெரிகிறது. நோய் கண்டறியப்படும்போது நோயாளியின் சராசரி வயது 75ஐ ஒட்டியிருக்கிறது. ஆண்டொன்றுக்கு அமெரிக்கா முழுவதிலும் ஏறத்தாழ 3,000 பேரை மட்டுமே தாக்கும் இந்நோய், எண்ணிக்கையில் சிறியதாயினும் வேகத்தில் கொடியது. இதைப் பற்றிய அறிவு வளர்ந்த கதையைப் பின்தொடர்ந்தால், முதிய உடலை மருத்துவம் எவ்வாறு எடைபோட்டு வந்திருக்கிறது என்பதும் உடன் புலப்படும்.

நோய்க்குப் பெயர் தந்த பிரீட்ரிக் மெர்கெல் இந்நோயைக் கண்டவர் அல்லர். ஜெர்மானிய உடற்கூற்றியலாளரான அவர் 1875இல், தோலின் மேலடுக்கில் நரம்பு முனைகளை ஒட்டி அமைந்த ஒருவகைச் செல்களை விவரித்து, அவை தொடு உணர்வுக்குரியவை என்று கருதினார். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1972இல், நோயியல் அறிஞர் சிரில் டோக்கர் ஐந்து நோயாளிகளின் தோல் கட்டிகளில் வழக்கத்துக்கு மாறான ஓர் அமைப்பைக் கண்டு, அது வியர்வைச் சுரப்பியிலிருந்து எழுந்திருக்கலாம் என்று எண்ணினார். ஆறு ஆண்டுகள் கழித்து அவரும் டாங் என்னும் அறிஞரும் அத்தகைய கட்டிகளை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, ஹார்மோன் சுரக்கும் நரம்புசார் செல்களில் மட்டும் காணப்படும் அடர்ந்த நுண்துகள்கள் அவற்றில் தென்பட்டன. தோலில் அத்தகைய துகள்களை உடையவை மெர்கெல் விவரித்த செல்களே என்பதால், 1980 முதல் இன்றைய பெயர் நிலைபெறத் தொடங்கியது. இந்நோய் உண்மையில் அச்செல்களிலிருந்துதான் பிறக்கிறதா என்ற ஐயம் இன்றும் தீரவில்லை. ஆயினும் பெயர் நின்றுவிட்டது.

கட்டியின் தோற்றம் பெரும்பாலும் அச்சமூட்டுவதாக இருப்பதில்லை. நெற்றி, கன்னம், கழுத்து, முன்கை என வெயில் படும் இடங்களில், சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ, பளபளப்பும் கெட்டித்தன்மையும் கொண்ட சிறு மேடாக அது எழுகிறது. வலியோ அரிப்போ இல்லை. 2008இல் 195 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து வெளியான ஓர் ஆய்வு, திசுச் சோதனைக்கு முன்னர் பாதிக்கும் மேற்பட்ட கட்டிகளை மருத்துவர்கள் தீங்கற்றவை என்றே, பெரும்பாலும் நீர்க்கட்டி என்றே, கருதியிருந்ததைக் காட்டியது. முதிய வயதில் தோலில் மருவும் மச்சமும் தோன்றுவது இயல்பென்று வீட்டாரும் விட்டுவிடுவதுண்டு. அதற்குள் சில வாரங்களிலேயே கட்டி இரட்டித்து, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு, அதாவது நோய்க் கிருமிகளை வடிகட்டும் நெறிக்கட்டிகளுக்கு, பரவத் தொடங்கிவிடுகிறது. வலியின்மையும் விரைவும் சேர்ந்து வரும்போது ஐயுற வேண்டும் என்ற விதியை அந்த ஆய்வு வகுத்துத் தந்தது. நுண்ணோக்கித் துறையில் அதற்கும் முன்பே, 1990களில், சைட்டோகெரட்டின் 20 என்னும் புரதம் செல்லின் உட்கருவை ஒட்டி ஒரு புள்ளியாகச் சாயமேறுவதைக் கொண்டு இந்நோயைப் பிற சிறுசெல் புற்றுகளிலிருந்து பிரித்தறியும் வழி பிறந்திருந்தது.

சிகிச்சை நெடுங்காலம் கத்தியையும் கதிரையும் நம்பியே இருந்தது. கட்டியைச் சுற்றியுள்ள நலமான தோலையும் சேர்த்து அகற்றுவது, நோய் முதலில் பரவக்கூடிய காவல் நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதிப்பது, எஞ்சிய செல்களைக் கதிர்வீச்சால் அழிப்பது என்ற வரிசை படிப்படியாக உருவாயிற்று. இக்கட்டி கதிர்வீச்சுக்கு நன்கு கட்டுப்படுவது, மயக்க மருந்தைத் தாங்க இயலாத முதியவர்களுக்கு ஓரளவு ஆறுதலாக அமைந்தது. நோய் உடலெங்கும் பரவிய பின்னரோ கீமோதெரபி ஒன்றே வழியாக இருந்தது. கார்போபிளாட்டின், எட்டோபோசைட் ஆகிய மருந்துகளைச் செலுத்தியதும் பாதிப்பேருக்குக் கட்டி வியக்கத்தக்க விதத்தில் சுருங்கும். ஆனால் நோய் மீண்டும் தலைதூக்காமல் அடங்கியிருக்கும் காலம் பெரும்பாலும் மூன்று மாதங்களே. அந்த மூன்று மாதங்களுக்காக எண்பது வயது உடல் தரும் விலை, அதாவது வெள்ளணுக்களின் வீழ்ச்சி, தொற்று, சோர்வு, மிகப் பெரியது. இந்நிலையில் சிகிச்சையே வேண்டாம் என்ற முடிவுக்குப் பல குடும்பங்கள் வந்ததைக் குறைகூற இயலாது.

இத்தனைக்கும் மாற்று வழிக்கான குறிப்பை நோயே முன்கூட்டித் தந்திருந்தது என்பதுதான் இவ்வரலாற்றில் மிகவும் சிந்திக்கத்தக்க பகுதி. அரிதாகச் சிலருக்குத் திசுச் சோதனைக்குப் பின் கட்டி தானாகவே மறைந்துபோனது 1986இலேயே பதிவாயிற்று. சிறுநீரகம் போன்ற உறுப்புகளை மாற்றிப் பெற்று, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உட்கொண்டவர்களுக்கு இந்நோய் இளவயதிலேயே, கடுமையாக வந்தது. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இது பதின்மூன்று மடங்கு மிகுதியாக வருவதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. எதிர்ப்பாற்றல் தளர்ந்தபோது தலைதூக்குவது வைரஸாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்கள், 1994இல் கபோசி சார்க்கோமா என்னும் புற்றுநோயின் வைரஸைக் கண்டுபிடித்த யுவான் சாங், பேட்ரிக் மூர் இணையர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹுய்சென் ஃபெங், மசஹிரோ ஷுடா ஆகியோருடன் அவர்கள் கட்டியின் மரபணுச் செய்திகளிலிருந்து மனிதனுக்குரியவற்றையெல்லாம் கழித்து, எஞ்சியதில் அதுவரை அறியப்படாத பாலியோமா வைரஸ் ஒன்றைக் கண்டனர். 2008இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைப்படி, சோதித்த பத்துக் கட்டிகளில் எட்டில் அது இருந்தது. பெரும்பாலானோரின் தோலில் சிறுவயது முதலே தீங்கின்றி வாழும் இவ்வைரஸ், அரிதாகச் செல்லின் மரபணுவுக்குள் பிணைந்து உருக்குலையும்போதுதான் புற்றை உண்டாக்குகிறது. ஆஸ்திரேலியா போன்ற கடும் வெயில் நாடுகளில் பெரும்பாலான கட்டிகளில் வைரஸ் இல்லை. அங்கே புற ஊதாக் கதிர் பல்லாண்டுகளாக விளைத்த மரபணுச் சிதைவுகளே காரணம். வழி வேறாயினும் விளைவு ஒன்றே: வைரஸின் புரதமோ சிதைந்த புரதமோ, இரண்டுமே உடலின் காவல் செல்களுக்கு அந்நியமாகத் தெரிபவை.

அந்நியம் எனத் தெரிந்தும் காவல் செல்கள் வாளாவிருப்பதற்குக் காரணம், பிடி-1 என்னும் தடைப் புரதத்தின் வழியாகக் கட்டி அவற்றை அடக்கிவைப்பதே. அத்தடையை விலக்கும் மருந்துகளின் சோதனை முடிவுகள் 2016இல் வெளியாயின. கீமோதெரபி பெறாத நோயாளிகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் தரப்பட்டபோது பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டி சுருங்கியது. கீமோதெரபி பயனளிக்காத 88 பேரில், அவர்களுள் பாதிப்பேர் 72 வயதைக் கடந்தவர்களாயிருந்தும், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அவெலுமாப் பலன் தந்தது. 2017 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்நோய்க்கென ஏற்ற முதல் மருந்து அதுவே. விகிதத்தைவிட முக்கியமானது பலனின் நீட்சி: பலன் பெற்றவர்களுள் பலருக்கு அது மாதக்கணக்கைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. தைராய்டு, குடல், நுரையீரல் ஆகியவற்றில் அழற்சி உண்டாகும் ஆபத்து இம்மருந்துகளுக்கும் உண்டு. ஆனால் அதை முன்னறிந்து கவனித்தால் எண்பதைக் கடந்தவர்களும் தாங்கவே செய்கின்றனர். வயதை மட்டும் காட்டி ஒருவருக்குச் சிகிச்சையை மறுக்கும் பழைய வழக்கத்துக்கு இதன்பின் நியாயம் இல்லை.

2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், அறுவைக்கு முன்பே, இதே வகை மருந்தான நிவோலுமாப் பெற்று அறுவை செய்துகொண்ட 36 பேரில் கிட்டத்தட்டப் பாதிப்பேரின் திசுவில் புற்றுச் செல்லே எஞ்சவில்லை. கண்ணிமையிலும் மூக்கிலும் கட்டி வந்த முதியவருக்கு வெட்டின் அளவைக் குறைக்க இது உதவக்கூடும். மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழ்பவரின் நிலைதான் இன்றும் கடினமானது. தடையை விலக்கினால் விழித்தெழும் எதிர்ப்பாற்றல் கட்டியோடு அந்தச் சிறுநீரகத்தையும் அந்நியமெனக் கண்டு அழிக்கலாம் என்பதால், டயாலிசிஸுக்குத் திரும்பும் துணிவு அவருக்கு உண்டா என்று கேட்டறிந்த பிறகே மருத்துவர் முதல் ஊசியைப் பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.