பயணியை ஏற்றாத வண்டிகள்

ஒரு நகரத்தின் டிராம் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பயணிகளைச் சுமந்த வண்டிகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். ஆனால் பயணி ஒருவரையும் ஏற்றாமல், பலவேளைகளில் ஊர் உறங்கும் நேரத்தில், அதே தண்டவாளங்களில் ஓடிய வண்டிகளும் உண்டு. மணலும் கல்லும் இரும்பும் சுமந்தவை, பனி கூட்டியவை, தண்டவாளம் தேய்த்தவை என அவை பலவகை. பணி வண்டிகள் என்பது அவற்றின் பொதுப்பெயர்.

கனடாவின் டொராண்டோ நகரில் 1861 முதல் குதிரைகள் இழுத்த டிராம்களும், 1892 முதல் மின்சார டிராம்களும் ஓடின. 1921 செப்டம்பரில் நகரப் போக்குவரத்து ஆணையம் அவற்றின் பொறுப்பை ஏற்றது. அந்நகரின் பெரும்பகை பனி. தண்டவாளத்தின் பள்ளத்தில் பனி இறுகினால் சக்கரம் தடம் புரளும். மேலே கம்பியிலிருந்து வரும் மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பிச் செல்ல வேண்டும். இடையே பனிக்கட்டி படிந்தால் அந்த வழியும் தடைப்படும்.

இதற்கெனப் பனி கூட்டும் வண்டிகள் அமைந்தன. முன்னும் பின்னும் பிரம்பால் செய்த உருளை வடிவப் பெருந்துடைப்பங்கள், தண்டவாளத்துக்குச் சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தன. துடைப்பத்தைச் சுழற்றுவதற்குத் தனி மோட்டார் இருந்தது. ஆகவே வண்டி மெல்ல நகர்ந்தாலும் துடைப்பம் விரைந்து சுழன்று பனியைப் பக்கவாட்டில் வீசியது.

1944 டிசம்பரில் வீசிய பெரும்பனிப் புயலில் டொராண்டோ ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் பனியில் புதைந்தது. குவீன் தெருவில் டிராம் ஒன்று கவிழ்ந்தது. அந்தப் புயலில் இறந்தோர் 21 பேர். 1940களின் இறுதியில் நியூயார்க்கின் தேர்டு அவென்யூ நிறுவனம் டிராம்களைக் கைவிட்டுப் பேருந்துகளுக்கு மாறியபோது, அது கழித்த பனி வண்டிகளை டொராண்டோ வாங்கிக்கொண்டது. ஓர் ஊர் வேண்டாமென்றவை மற்றோர் ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன.

1972இல் டொராண்டோ தன் டிராம்களைக் கைவிடுவதில்லை என முடிவு செய்தது. அந்தத் தசாப்தத்தின் தொடக்கத்திலேயே பனி வண்டிகளோ ஓய்வு பெற்றன. சாலைகளைத் துப்புரவு செய்யும் லாரிகளும் உப்பும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பயணிகள் வண்டிகள் இரண்டு அதே தசாப்தத்தில் தண்டவாளத்தைத் தேய்க்கும் வண்டிகளாக மாற்றப்பட்டன. தேய்மானத்தால் தண்டவாளத்தின் மேற்பரப்பில் அலை அலையாய் மேடுபள்ளம் விழும். அதனால் எழும் பேரிரைச்சல் தெருவாசிகளை வருத்தும். அதைச் சமன்செய்வதே அவ்விரண்டின் பணி.

இவ்வண்டிகளை வரலாறு மறந்ததற்குக் காரணம் உண்டு. பயணி வண்டிக்குச் சீட்டும் கால அட்டவணையும் உண்டு. ஏறிச் சென்றவர்களின் நினைவும் உண்டு. பணி வண்டி தன் வேலையைச் செவ்வனே செய்தால் விளைவது, எதுவும் நிகழாமைதான். தடம் புரளாத வண்டியைப் பற்றி எவரும் செய்தி எழுதுவதில்லை. வேலை தவறினால் மட்டுமே பிறர் அதனை அறிகின்றனர். நம் தெருக்களை விடியுமுன் கூட்டுவோரின் நிலையும் இதுவன்றோ!

நியூயார்க்கிலிருந்து வந்த அந்தப் பனி வண்டிகளுள் ஒன்று இன்று ஒன்டாரியோவின் ஹால்ட்டன் கவுண்டி ரேடியல் இரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதில் ஏறிச் சென்றதாகச் சொல்லிக்கொள்ளப் பயணி எவரும் இல்லை. ஆயினும் பல பனிக்காலக் காலைகளில் டொராண்டோ மக்கள் உரிய நேரத்தில் வேலைக்குச் செல்ல வழி செய்தவற்றுள் அதுவும் ஒன்று.