டிரான்ஸ்காம்: மூன்று மாநிலங்களின் போக்குவரத்து ஒருங்கிணைப்பு

அமெரிக்காவின் நியூயார்க், நியூ ஜெர்சி, கனெடிகட் ஆகிய மூன்று மாநிலங்களைச் சேர்ந்த போக்குவரத்து அமைப்புகளும் காவல்துறைகளும் 1986ஆம் ஆண்டில் உருவாக்கிய கூட்டமைப்பே டிரான்ஸ்காம் ஆகும். இதன் செயல்பாட்டு மையம் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரத்தில் 24 மணி நேரமும் இயங்குகிறது. தனித்தனி நிர்வாகங்கள் தங்கள் அதிகாரத்தை விட்டுக்கொடுக்காமலேயே சேர்ந்து பணியாற்ற முடியும் என்பதற்கு இது ஒரு முன்னோடி எடுத்துக்காட்டு.

பின்னணி

நியூயார்க் பெருநகரப் பகுதியின் சாலைகளும் பாலங்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. நியூ ஜெர்சியிலிருந்து புரூக்ளினுக்குச் செல்லும் ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். அது முதலில் நியூ ஜெர்சி டர்ன்பைக் ஆணையத்தின் சாலையில் ஓடுகிறது. அடுத்து வரும் கோதல்ஸ் பாலம், 1921இல் தோன்றிய நியூயார்க், நியூ ஜெர்சி துறைமுக ஆணையத்துக்கு உரியது. அதன்பின் வரும் ஸ்டேட்டன் தீவு விரைவுச்சாலை நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறையின் பொறுப்பு. 1964இல் திறக்கப்பட்ட வெரசானோ பாலமோ பெருநகரப் போக்குவரத்து ஆணையத்தைச் சேர்ந்தது. ஆக, ஒரே பயணத்தில் நான்கு நிர்வாகங்கள்.

வெரசானோ பாலத்தில் விபத்து நேர்ந்தால், அந்தச் செய்தி டர்ன்பைக் சாலையில் வரும்போதே ஓட்டுநருக்குக் கிடைக்க வேண்டும். கோதல்ஸ் பாலத்தைக் கடந்தபின் தெரிந்து பயனில்லை. அதேபோல, மாற்று வழிகளாக அமைந்த இரு சாலைகளில் ஒரே நாளில் மராமத்துப் பணி தொடங்கினால் இரண்டும் அடைபட்டுவிடும்.

செயல்படும் முறை

டிரான்ஸ்காம் உறுப்பு அமைப்புகளுக்கு உத்தரவிடுவதில்லை. ஒரு சாலையை மூடுவதும் திறப்பதும் அதற்கு உரியவர்களின் முடிவு. விபத்து, மராமத்து, சாலை மூடல் பற்றிய செய்திகளை ஓர் அமைப்பிடமிருந்து பெற்று, பாதிக்கப்படக்கூடிய மற்ற அமைப்புகளுக்கு உடனே தெரிவிப்பதே மையத்தின் பணி. செய்தி பெற்றவர்கள் தங்கள் சாலையிலுள்ள மின்னணு அறிவிப்புப் பலகைகளில் அதை வெளியிடுவார்கள்.

1990களில் ஒரு புதிய உத்தியும் சேர்ந்தது. மின்னணுச் சுங்கக் கட்டணத்துக்காக வாகனங்களில் பொருத்தப்பட்ட ஈ-இசட்பாஸ் வில்லைகளைச் சாலையோரக் கருவிகள் படித்தன. ஒரு கருவியைக் கடந்த பல வாகனங்கள் அடுத்த கருவிக்கு உரிய நேரத்தில் வந்து சேராவிட்டால், இடையில் தடங்கல் என்று மையம் அறிந்துகொண்டது.

2001 செப்டம்பர் 11

உலக வர்த்தக மையத்தின் மீது காலை 8:46க்கும் 9:03க்கும் விமானங்கள் மோதின. துறைமுக ஆணையத்தின் தலைமையகம் அக்கட்டடத்தில்தான் இருந்தது. ஆணையம் அன்று தன் ஊழியர்கள் 84 பேரை இழந்தது. மன்ஹாட்டனுக்குள் செல்லும் பாலங்களும் சுரங்கச்சாலைகளும் மூடப்பட்டன. மீட்பு வாகனங்களுக்கு வழி கிடைக்க வேண்டுமானால், நகரை நோக்கி வரும் மற்ற வாகனங்களைத் தொலைவிலேயே திருப்பிவிட வேண்டியிருந்தது. ஹட்சன் ஆற்றின் மறுகரையிலிருந்த டிரான்ஸ்காம் மையம் செய்திகளைத் தொடர்ந்து பரிமாறியது. நியூயார்க்கைத் தவிர்க்கும்படி அண்டை மாநில நெடுஞ்சாலைப் பலகைகளும் அறிவித்தன. பதினைந்து ஆண்டுகளாக அன்றாட விபத்துகளிலும் மராமத்துப் பணிகளிலும் பழகிய தொடர்புகள் அந்த நெருக்கடியில் கைகொடுத்தன.

விரிவாக்கம்

இதே அணுகுமுறை 1990களில் ஐ-95 நெடுஞ்சாலைக் கூட்டணி வழியாகக் கிழக்குக் கடற்கரை மாநிலங்களுக்குப் பரவியது. அக்கூட்டணி 2020 முதல் கிழக்குப் போக்குவரத்துக் கூட்டணி என்ற பெயரில் இயங்கி வருகிறது.