ஊர் கூடும் இடம் ஊருக்கு நடுவில்தான்!



'மாநகரின் மாநாட்டு அரங்கம் இருக்க வேண்டியது ஊருக்கு நடுவிலா, ஊருக்கு வெளியிலா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்ததும் ஒரு கேள்வி போட்டார். "மதுரைக்காரன் கவலையை அருப்புக்கோட்டையில வச்சு எதுக்கய்யா பேசணும்?" நல்ல கேள்வி. மதுரைக்காரருக்கு அரங்கம் எங்கே இருந்தால் என்ன? ஒரு ஆட்டோவைப் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடுவார். ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய், கூட்டம் கேட்டு, மறுபடியும் ஐம்பது கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியவன் யார்? நம்ம ஆள்! திருச்சுழிக்காரனும் அருப்புக்கோட்டைக்காரனும் பேசாமல் வேறு யார் இதைப் பேசுவது? (கைதட்டல்)

தூரம் என்றால் என்ன என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்த ஜனம் தமிழ்நாட்டில் குறைவு ஐயா. 1910இல் மதுரை ஜில்லாவில் கொஞ்சம், திருநெல்வேலி ஜில்லாவில் கொஞ்சம் வெட்டி எடுத்து ராமநாதபுரம் ஜில்லா என்று ஒன்றை உண்டாக்கினார்கள். இந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் அதில்தான் இருந்தன. ஜில்லாவுக்குப் பெயர் ராமநாதபுரம். கலெக்டர் ஆபீஸ் எங்கே? மதுரையில்! பல பத்தாண்டுகள் அப்படித்தான் நடந்தது. தன் ஜில்லாவுக்குள்ளேயே கலெக்டர் இல்லாத ஜில்லா. பொண்ணு ஒரு ஊர், மாப்பிள்ளை ஒரு ஊர், கல்யாண மண்டபம் மட்டும் மூணாவது ஊர் என்கிற கதை. மழை பொய்த்த வருஷத்தில் கண்மாய்க்கு ஒரு மனுக் கொடுக்க வேண்டும் என்றால், கரிசக்காட்டு விவசாயி வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு அடுத்த ஜில்லாவுக்குப் போனான். 1985 மார்ச் 15ஆம் தேதி அந்தப் பெரிய ஜில்லாவை மூன்றாகப் பிரித்து, விருதுநகரைத் தலைநகராக வைத்துக் காமராசர் மாவட்டம் வந்த பிறகுதான் நமக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சரி, பழைய காலத்துக்குப் போவோம். நான் தமிழ் வாத்தியார், போகாமல் இருக்க முடியாது. 'மன்றம்' என்ற சொல்லைச் சங்க நூல்களில் பாருங்கள். கதவும் சாவியும் உள்ள கட்டடம் இல்லை அது. ஊருக்குள்ளே, மரத்தடியிலே, நாலு தெருக்காரனும் வந்து உட்காருகிற பொது இடம். பொதியில் என்றாலும் அதே குடும்பம்தான். நம்ம பக்கத்து மந்தையும் சாவடியும் அதன் பேரப்பிள்ளைகள். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921, குடவோலைத் தேர்தலுக்கு விதி சொல்கின்றனவே, அவை எங்கே இருக்கின்றன? சபை கூடிய மண்டபத்தில், ஊருக்குள்ளே.

நம்ம பாண்டிய நாட்டில் அதற்கும் முந்திய கல்வெட்டு ஒன்று திருநெல்வேலிப் பக்கம் மானூரில் உண்டு. ஊர்ச்சபை எப்படி நடக்க வேண்டும் என்று விதி எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு விதி: சபையில் எதைச் சொன்னாலும் 'அன்று, அன்று' என்று, அதாவது 'இல்லை, இல்லை' என்று மறுத்துக்கொண்டே இருக்கிற ஆளுக்கு 5 காசு தண்டம்! அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறவருக்கும் தண்டம்! நடுவர் ஐயா, நான் யாரையும் சொல்லவில்லை. எதிரணி நாலு பேருக்கும் சேர்த்து இருபது காசு ஆகிறது, கணக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். (சிரிப்பு)

இப்போது மதுரைக்கு வருகிறேன். மக்கள் கூட வேண்டிய இடம் எது என்று ஒரு ராஜா உட்கார்ந்து யோசித்த கதை மதுரையில் இருக்கிறது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர். அதற்கு முன்னால் அழகர் வைகையில் இறங்கியது மதுரையில் இல்லை, மேற்கே சோழவந்தான் பக்கம் தேனூரில். மாதம் சித்திரை. மீனாட்சி கல்யாணமும் தேரும் மாசியில் நடந்தன. அதனால்தான் தேர் ஓடுகிற வீதிக்கு இன்றைக்கும் மாசி வீதி என்று பெயர். சித்திரையில் தேர் ஓடுகிறது, வீதி மாசி வீதி! நம்மில் எத்தனை பேர் ஏன் என்று கேட்டிருக்கிறோம்? நாயக்கர் மாசிக் கல்யாணத்தைச் சித்திரைக்கு நகர்த்தினார், தேனூர் அழகரை மதுரைக்கு நகர்த்தினார். இரண்டு கூட்டமும் ஒரே கூட்டம் ஆயிற்று. மாசி அறுப்புக் காலம், குடியானவன் களத்தை விட்டு வரமாட்டான். சித்திரையில் களம் ஒழிந்திருக்கும், கையில் நாலு காசு இருக்கும் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அழகர் கோயிலைப் பற்றி ஆய்வு செய்த தொ. பரமசிவன் அவர்கள் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்கள். தேனூருக்கு உரிமை போய்விடக் கூடாது என்று வண்டியூர்ப் பக்கம் வைகையில் தேனூர் மண்டபம் என்று ஒன்று இன்றைக்கும் நிற்கிறது.

எனக்கு இதில் பிடித்தது என்ன தெரியுமா? ராஜா முதலில் பார்த்தது இடத்தை இல்லை, வருகிறவனை. அவன் எப்போது வருவான், எந்த வழியில் வருவான் என்று கணக்குப் பண்ணிவிட்டு அப்புறம் இடத்தை முடிவு செய்தார். என் தாத்தா காலத்தில் திருச்சுழிப் பக்கத்திலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு சித்திரைத் திருவிழாவுக்குப் போவார்கள். வண்டிக்கடியில் அரிக்கேன் விளக்கு, உள்ளே புளிச்சோறு, பின்னால் மொட்டை போட வேண்டிய பிள்ளை. அந்தப் பிள்ளைகளில் ஒன்றுதான் என் அப்பா.

அழகர் மலையை விட்டு இறங்கி வரும்போது தல்லாகுளத்தில் தங்குகிறார் இல்லையா, அதை ஒட்டித்தான் தமுக்கம். இங்கேதான் எதிரணி என்னை மடக்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. "தமுக்கமே ஒரு காலத்தில் ஊருக்கு வெளியில்தானே ஐயா இருந்தது?" என்று அந்த அம்மா கேட்டார்கள். ஒத்துக்கொள்கிறேன். கோட்டை வைகைக்குத் தெற்கே, தமுக்கம் வடகரையில். 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளின் வேனில் மாளிகை அங்கே இருந்தது. அந்த மாளிகைதான் இன்றைய காந்தி மியூசியம். 1959இல் நேரு திறந்து வைத்தார். முன்னால் இருந்த மைதானத்தில் யானைச் சண்டை பார்த்தார்கள் என்பார்கள். ராணிக்கு ஊருக்கு வெளியில் இருந்தால் என்ன கஷ்டம்? பல்லக்கு இருக்கிறது, தூக்க ஆள் இருக்கிறது!

நம்ம ஆளுக்குத் தமுக்கம் எப்போது கிடைத்தது? 1840களில் பிளாக்பர்ன் என்கிற கலெக்டர் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்தார். அந்தக் கோட்டைக்கு வெளியே போட்ட வீதிதான் வெளி வீதி. இன்றைக்கு மதுரை ரயில்வே ஸ்டேஷனே மேல வெளி வீதியில் இருக்கிறது, போய் 'இது வெளி' என்று சொல்லிப் பாருங்கள், போர்ட்டர் சிரிப்பார். அப்புறம் 1889இல் வைகைக்கு மேலே ஆல்பர்ட் விக்டர் பாலம். அந்தப் பாலம் வந்த பிறகுதான் வடகரை மதுரையோடு ஒட்டியது. மங்கம்மாளிலிருந்து பாலம் வரைக்கும் ஏறக்குறைய இருநூறு வருஷம்! வெளியில் கட்டினால் ஊர் தானாக அங்கே வரும் என்று சொல்கிற எதிரணியைக் கேட்கிறேன், இருநூறு வருஷம் காத்திருக்க உங்களுக்குச் சவுகரியப்படுமா? (சிரிப்பு)

1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு. எனக்குப் பள்ளிக்கூட வயசு. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தப் பாலத்தின் மேலேயே நடந்தோம். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். தமுக்கத்தில் தமிழன்னை சிலை புதுசாக நிற்கிறது. அண்ணாந்து பார்த்தார். "யாருடா இந்த அம்மா?" என்றார். "தமிழ்ப்பா" என்றேன். "அப்படியா? அப்ப நமக்குச் சொந்தக்காரவுகதான்" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைதான் ஐயா என்னைத் தமிழ் எம்.ஏ. வகுப்பில் கொண்டு போய் உட்கார வைத்தது. அந்த மாநாட்டை ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டரில், கார் போகிற இடத்தில் வைத்திருந்தால், கட்டுரை வாசித்த அறிஞர்கள் போயிருப்பார்கள். எங்க அப்பா போயிருக்க மாட்டார்.

2022இல் அதே தமுக்கத்தில் மாநகராட்சி மாநாட்டு மையத்தைத் திறந்தது. ஸ்மார்ட் சிட்டித் திட்டம், 40 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. "மைதானம் போச்சே" என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. அந்த வருத்தத்தை நான் கேலி செய்யமாட்டேன். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்தது அந்தத் தமுக்கத்தில்தான். அதற்கு யாரும் முன்பதிவு செய்யவில்லை, வாடகை கட்டவில்லை. மைதானத்துக்குக் கதவு கிடையாது, குளிர்சாதன அரங்கத்துக்கு உண்டு. என் அணித் தோழர்கள் முறைக்கிறார்கள், பரவாயில்லை. இடம் சரியான இடம். ஆனால் மிச்சம் இருக்கிற திறந்த வெளியை இனி ஒரு அடிகூடக் கூரைக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வேன். அரங்கத்தில் நாள் வாடகை எவ்வளவு என்பதையும் எழுதிப் பெரிதாகப் போட வேண்டும். ஒரு கிராமத்து நூலக வாசகர் வட்டம் அங்கே கூட்டம் போட முடியுமா, முடியாதா?

போக்குவரத்து நெரிசல் என்றார் எதிரணித் தம்பி. கார் நிறுத்த இடம் இல்லையாம். 1999இல் பஸ் ஸ்டாண்டை மாட்டுத்தாவணிக்குக் கொண்டு போனார்கள், நெரிசலுக்காகத்தான். நம்ம அருப்புக்கோட்டை பஸ் அங்கேதான் போய் நிற்கிறது. அங்கேயிருந்து தமுக்கத்துக்கு ஒரு டவுன் பஸ் போதும். காருக்குத்தான் இடம் இல்லை தம்பி, ஆளுக்கு இருக்கிறது.

சென்னையில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தைக் காட்டினார்கள். 2001இலிருந்து ஊருக்கு ஓரத்தில் ஜோராக நடக்கிறதே என்றார்கள். நடக்கும். விமான நிலையம் பக்கம். ஆகாயத்தில் வருகிறவருக்கு அதுதான் நடு ஊர்! இப்போது இன்னும் தள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் ஒரு பன்னாட்டு அரங்கம் என்று அரசு முடிவு செய்திருக்கிறது. பன்னாட்டு வியாபாரிக்கு அது இருக்கட்டும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைக்காரர்கள் விக்டோரியா பப்ளிக் ஹாலை எங்கே கட்டினார்கள்? சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். ரயிலை விட்டு இறங்கினால் மன்றம். சுகுண விலாச சபை நாடகம் போட்டது அங்கே, 1916இல் நீதிக்கட்சியாக வளர்ந்த சங்கத்துக்கு வித்துப் போட்ட கூட்டம் நடந்தது அங்கே.

ஒரே ஒரு சம்பவம் சொல்லி முடித்துக்கொள்கிறேன், மணியை அடித்துவிடாதீர்கள். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு நகரத்தில், பெயர் வேண்டாம், புறவழிச் சாலையில் கட்டிய பெரிய அரங்கத்தில் பேசப் போனேன். ஆயிரம் நாற்காலி, அத்தனையும் மெத்தை. வந்தவர்கள் முன்னூறு. இந்த அருப்புக்கோட்டைத் தறிக்காரர் ஒருவர், என் பேச்சு எங்கே என்றாலும் வருகிறவர், மூன்றாவது வரிசையில் இருந்தார். மணி எட்டேகால். நான் பேச்சின் நல்ல கட்டத்துக்கு வருகிறேன், அவர் மெதுவாக எழுந்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, குனிந்து நடந்து வெளியே போய்விட்டார். என் பேச்சு அவ்வளவு மோசமா என்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுவாரம் கடைத்தெருவில் பிடித்துக் கேட்டேன். "பேச்சு நல்லாத்தான் சார் இருந்துச்சு. அங்கயிருந்து மெயின் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் எட்டரைக்கு மேல கிடையாது. மிச்சப் பேச்சை எங்க வீட்டுல வந்து பேசிட்டுப் போங்க, காப்பி தாரேன்" என்றார். (சிரிப்பு)

காப்பி குடித்துக்கொண்டே பேசி முடித்தேன்.

நடுவர் ஐயா, இப்போது மணி ஒன்பதே கால். இந்த மேடை ஊருக்கு நடுவில் இருப்பதால்தான் இவ்வளவு நேரம் ஜனம் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் திருச்சுழிக்குப் போகிறவர்கள் அந்த ஓரத்தில் நாலு பேர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள், நான் பார்த்துவிட்டேன். அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள்ளே தீர்ப்பைச் சொல்லிவிடுங்கள்.