பொலன்னறுவை

பொலன்னறுவை, இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் மகாவலி கங்கைக்கு மேற்கே அமைந்த பழந்தலைநகரம். 11ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஆட்சி இங்கிருந்து நடந்தது. பாளி நூல்கள் இவ்வூரைப் புலத்திநகரம் என்கின்றன. சோழர் கல்வெட்டுகளில் இது சனநாதமங்கலம். முதலாம் விசயபாகுவுக்குப் பின் விசயராசபுரம். வழிகாட்டி நூல்களோ நகரம் முழுவதையும் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) ஒருவனின் கணக்கில் எழுதிவிடுகின்றன. அவனது அரண்மனையும் குளமும் அளவில் பெரியவை என்பதால் அப்படி எழுதுவது எளிது. ஆனால் கட்டடங்களையும் எழுத்துகளையும் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், ஒன்றையொன்று போரில் துரத்திய அரசுகள் ஒன்று விட்ட இடத்திலிருந்து மற்றொன்று தொடர்ந்து கட்டிய ஊர் இது என்பது புலப்படும்.

993ஆம் ஆண்டையொட்டிச் சோழ மன்னன் முதலாம் இராசராசனின் படை அப்போதைய தலைநகரான அநுராதபுரத்தை அழித்தது. தெற்கே உரோகணத்துக்கு ஓடிய சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன், இராசேந்திரன் காலத்தில் சிறைப்பட்டுச் சோழநாட்டில் இறந்தான். வென்ற நிலத்துக்கு மும்முடிச்சோழ மண்டலம் என்று பெயரிட்ட சோழர், பழைய தலைநகரை விட்டுவிட்டுப் பொலன்னறுவையில் அமர்ந்தனர். அதற்கு முன்பே சிங்கள மன்னர் சிலர் இங்குத் தங்கியதுண்டு. ஆகவே இது சோழர் கண்டுபிடித்த ஊர் அன்று எனலாம். அது உண்மையே. ஆயினும் அவ்வப்போது மன்னர் தங்கும் இடம் வேறு, நாட்டின் நிலையான தலைநகரம் வேறு. உரோகணத்திலிருந்து படை வந்தால் மகாவலித் துறைகளைக் கடந்தே வரவேண்டும். அத்துறைகளைக் காவல் காக்க வாய்ப்பான இடம் இது. இந்தக் காரணத்தால் ஊரைத் தலைநகராக நிலைநிறுத்தியவர் சோழரே.

அவர்களது காலத்துக்கு இன்றுள்ள நேர்ச் சான்று, இரண்டாம் எண் சிவதேவாலயம் என்று தொல்லியலார் குறிக்கும் வானவன் மாதேவி ஈச்சரம். வானவன் மாதேவி இராசராசனின் தேவி, இராசேந்திரனின் தாய். கோயில் சிறியது, அடி முதல் சிகரம் வரை கல்லாலானது. நகரின் செங்கல் மாளிகைகள் கூரையிழந்து நிற்க, இது விமானத்தோடு முழுமையாக நிற்கிறது. சுவரில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் ஒன்று அதிராசேந்திரன் காலத்தது. முதலாம் எண் சிவதேவாலயம் இதற்குப் பிற்பட்டது. பாண்டியர் பாணியில் அமைந்த அக்கோயிலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியபோது செப்புத் திருமேனிகள் கிடைத்தன. நடராசர், சுந்தரர் முதலிய பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. இரு கோயில்களுக்கும் இடையிலான கால இடைவெளி முக்கியமானது: சோழர் ஆட்சி போன பின்பும் நகரில் சைவ வழிபாடு தொடர்ந்தது என்பதற்கு அதுவே சான்று.

1070இல் சிங்கள மன்னன் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். அநுராதபுரத்தில் முடிசூடினான், ஆனால் ஆட்சி நடத்தியது பகைவர் அமைத்த தலைநகரிலிருந்துதான். புத்தரின் பல்லான தந்ததாதுவுக்கு அவன் எடுத்த கோயிலான அட்டதாகேயின் கல்தூண்கள் 54 இன்றும் நிற்கின்றன. தூண்களைக் கடந்து போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் விடுவது, அருகே நாட்டிய பலகைக்கல் ஒன்றை. அது தமிழ்க் கல்வெட்டு. தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பைத் தேரர் ஒருவரின் வேண்டுகோளின்பேரில் தென்னிந்தியக் கூலிப்படையான வேளைக்காரப் படை ஏற்றதை அது பதிவு செய்கிறது. கோயிலுக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ என்று தன் பெயரையே படை சூட்டியிருக்கிறது. இதே வேளைக்காரர், சோழர்மேல் படையெடுக்கப் பணித்தபோது விசயபாகுவை எதிர்த்துக் கலகம் செய்து அரண்மனையைக் கொளுத்தியவர்கள் என்று பாளி வரலாற்று நூலான சூளவம்சம் கூறும். அப்படிப்பட்ட படையிடம் பௌத்த அரசின் உயிர்நாடியான தாதுவை ஒப்படைத்தார்கள் என்றால், இனத்தையும் சமயத்தையும் வைத்து இந்நகரை இரு பாதியாக வெட்ட இயலாது.

இதே கலப்பு சிற்பத்திலும் உண்டு. வாயிற்படியின் அடியில் பதிக்கும் அரைவட்டக் கற்களான அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கற்களில் யானை, குதிரை, சிங்கம், எருது ஆகிய நான்கும் ஒரே வளையத்தில் வரிசையாகச் செல்லும். பொலன்னறுவையில் வட்ட வடிவத் தாதுமனையான வட்டதாகேயின் வாயிற்படியில் குனிந்து பார்த்தால் எருதைக் காணமுடியாது. நந்தியாக வணங்கப்படும் விலங்கைக் காலால் மிதிக்கலாகாது என்ற எண்ணமே இதற்குக் காரணம். சிற்பியின் சுவை மாற்றமாக இருக்கலாமே என்ற மறுப்பு வலுவற்றது: யானையும் குதிரையும் கல்லில் தொடர்கின்றன. தூபாராமம், திவங்க படிமமனை ஆகிய செங்கற் கட்டடங்களின் வெளிச்சுவர்களில் தென்னிந்திய விமானக் கலையின் சாயல் வெளிப்படையாகவே தெரிகிறது.

இது கலப்பு நகரம் என்ற கருத்துக்கு எதிரான வலுவான சான்று மன்னன் நிசங்கமல்லனின் (1187–1196) கல்வெட்டுகள். மிகிந்தலையிலிருந்து கொணர்ந்ததாகச் சொல்லும், ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள ‘கல்பொத்த’ என்ற கல்நூல் உட்பட எழுத்துகள் பலவற்றை விட்டுச்சென்ற அவன், பௌத்தரல்லாதார் இலங்கை அரியணைக்கு உரியவரல்லர் என்று வற்புறுத்தினான். ஆனால் இத்தகைய தடையைக் கல்லில் வெட்ட நேர்ந்ததே, உரிமை கோரியவர்கள் நகரில் இருந்ததைக் காட்டும். தடை விதித்தவனும் தன்னைக் கடல் கடந்த கலிங்க மரபினன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவன்தான். பாண்டிநாட்டுப் போரில் பிடித்த தமிழர்களைக் கொண்டு பராக்கிரமபாகு எழுப்பிய தமிழ்த் தூபி (தெமள மகா சாய) இன்னொரு மறுப்பாகலாம். அது கைதிகளின் உழைப்பு, இணக்கத்தின் சின்னமன்று. சேர்ந்து கட்டினார்கள் என்பதால் மகிழ்ந்து கட்டினார்கள் என்று ஆகாது. முற்றுப்பெறாத அத்தூபி இன்று மரங்கள் மூடிய குன்றுபோல் கிடக்கிறது.

பராக்கிரமபாகுவின் பங்கைக் குறைப்பது இதன் நோக்கமன்று. ஒரே கற்பாறையில் குடைந்தும் செதுக்கியும் அமைத்த கல்விகாரையின் நான்கு படிமங்கள் அவன் காலத்துச் சாதனை. ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள கிடந்த திருமேனியின் தலைக்கு அடியில் தலையணை சற்றே அமுங்கியிருக்கிறது. கல்லைப் பஞ்சாகக் காட்டிய கை அது. கைகளை மார்பில் மடித்து நிற்கும் உருவத்தை ஆனந்தர் என்பாரும் உளர். தாமரைப் பீடத்தில் நிற்பதால் அது புத்தரே. பராக்கிரம சமுத்திரம் என்ற பெருங்குளமும் அவன் முற்றிலும் புதிதாக வெட்டியதன்று: முன்பிருந்த தோபாவெவவை விரிவாக்கி, அம்பன் கங்கை நீரைக் கால்வாயால் கொணர்ந்து இணைத்தான். பழையதை அழிக்காமல் பெருக்குவது என்ற நகரின் வழக்கம் நீரிலும் செல்லுபடியாயிற்று.

1215இல் கலிங்க மாகனின் படையெடுப்போடு அவ்வழக்கம் முறிந்தது. பின்னர் தலைநகரம் தம்பதெனியாவுக்குப் பெயர்ந்தது. பழைய நகரம் 1982இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று. இன்று இது மாவட்டத் தலைநகரம், சுற்றிலும் நெல்வயல். பார்வையாளர்கள் அருங்காட்சியகத்தில் தொடங்கி வடக்கே கல்விகாரை வரை மிதிவண்டியிலும் செல்லலாம். வழிபாட்டிடங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும். உச்சிவெயிலில் கல் சுடும்.