காமா பயில்வானும் 18 வருடக் கணக்கும்

கராத்தே வகுப்புக்கு ரெண்டு மாசம் போன பிள்ளை, "வாப்பா, அடுத்த பெல்ட் எப்ப தருவாங்க?" என்று கேட்பது பெல்மதுளையிலும் இன்று வழமையான பேச்சுத்தான். பெல்ட் தாமதமானால் வகுப்பையே விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல நமது சரித்திரத்தில் ஒருவர் இருக்கிறார். பெல்ட் கிடைத்த பிறகும் தீராமல் கிடந்த கணக்கொன்றை 18 வருடங்களின் பின் கோதாவில் தீர்த்த காமா பயில்வான்.

இயற்பெயர் குலாம் முஹம்மத். 1878ஆம் ஆண்டளவில் காஷ்மீரி வம்சாவளி முஸ்லிம் மல்யுத்தக் குடும்பமொன்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். குடும்பத்துப் பெரியவர்களே தொழிலைப் பழக்கினார்கள். பத்து வயதில், ஜோத்பூரில் நூற்றுக்கணக்கான பயில்வான்கள் கூடிய பஸ்கிப் போட்டியில் கடைசி 15 பேரில் ஒருவராக நின்றாராம். பஸ்கி வேறொன்றுமில்லை, உட்கார்ந்து எழும்புவதுதான். அதையும் தண்டாலையும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் எடுத்து உருவான உடம்பு அது.

1910இல் தம்பி இமாம் பக்ஷோடு லண்டன் போனார். ஆள் குட்டை என்று முதலில் போட்டியில் சேர்க்கவில்லை. வெளியே நின்றே சவால் விட்டு, அமெரிக்கரான ரோலரை வீழ்த்திக்காட்டிய பிறகுதான் கதவு திறந்தது. செப்டம்பர் 10ஆம் திகதி போலந்து மல்லர் ஸ்பிஷ்கோவோடு மோதினார். தூக்கி எறியப்படுவோம் என்று தெரிந்த ஸ்பிஷ்கோ விரிப்போடு விரிப்பாகக் குப்புறப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணித்தியாலம் கடந்தும் முடிவில்லை. 17ஆம் திகதி மறுபடி மோதுவதாக ஏற்பாடு. காமா வந்தார், ஸ்பிஷ்கோ வரவில்லை. 'ஜோன் புல்' பெல்ட் காமாவுக்குக் கிடைத்தது. ஆனால் எதிராளியின் முதுகு மண்ணில் படவில்லை.

1928 ஜனவரியில் பட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். காமா ஐம்பதை நெருங்கியிருந்தார். ஒரு நிமிடம் ஆவதற்குள் ஸ்பிஷ்கோ மல்லாந்து கிடந்தார்.

லண்டனில் ஸ்பிஷ்கோ காட்டியதும் ஒரு பொறுமைதானே என்று கேட்கலாம். தோற்காமல் இருப்பதற்காக ஒட்டிக்கிடப்பது வேறு, ஜெயிப்போமா தெரியாமலே பயிற்சியை விடாதிருப்பது வேறு. பின்னதைத்தான் நாம் இஸ்திகாமத் என்கிறோம். ஆனால் ஸ்பிஷ்கோவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்து வராத மனிதர், 18 வருடம் கழித்துக் கடல் கடந்து வந்தார். தோற்கப் போவதற்கும் துணிச்சல் வேண்டும்.

பிரிவினைக்குப் பின் காமா லாகூரில் வாழ்ந்தார். ஆதரித்த சமஸ்தானங்கள் போய்விட்டன. நோயும் பணமுடையும் சேர்ந்துகொண்டன. எல்லைக்கு அப்பாலிருந்து தொழிலதிபர் பிர்லா உதவி அனுப்பினார். 1960 மே மாதம் வபாத்தானார். விடாமுயற்சி செல்வம் சேர்த்துத் தரும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லத் தேவையில்லை.

மாணிக்கக் குழி வெட்டுகிற நம்மூர் ஆட்களுக்கு இது புதினமான சங்கதியல்ல. தண்ணீர் இறைத்து, மண் அள்ளி, இல்லம் வரை இறங்கி, அந்தப் பருக்கைக் கல்லை அரித்துப் பார்த்தாலும் மாணிக்கம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கல்லைத் தருவது அல்லாஹ். குழிக்குள்ள இறங்குறதுதான் நம்மட வேலை.